கேமராவுக்குச் சிக்காத கம்பி

டிரோன் படங்களை வைத்து மின்பாதையின் முப்பரிமாண மாதிரியைக் கட்டும்போது முதலில் கைக்கு வருவது தரை. அடுத்து கோபுரம் வரும். கடைசிவரை நழுவிக்கொண்டே இருப்பது கம்பி. முதல் முறை மென்பொருளில் படங்களை ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டவர் காலையில் திரையைத் திறந்தால் வரப்பும் பனைமரமும் ஓட்டுக்கூரையும் அச்சு அசலாக நிற்கும். கோபுரம் கொஞ்சம் மூளியாக இருந்தாலும் அடையாளம் தெரியும். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வானத்தில் ஆங்காங்கே சில புள்ளிகள் மிதக்கும். பல இடங்களில் அதுவும் இருக்காது.

ஆனால் இந்த மாதிரியைக் கேட்பவருக்கு வேண்டியது அந்தக் கம்பிதான். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, கீழே வளரும் மரத்துக்கும் அதற்கும் எத்தனை மீட்டர் இடைவெளி, கோடையில் இன்னும் எவ்வளவு இறங்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கம்பியில் இருக்கிறது. தரையையும் கோபுரத்தையும் படங்கள் தந்துவிடும். கம்பியைக் கணக்கு போட்டுத்தான் எடுக்க வேண்டும், அந்தக் கணக்குக்கு வேண்டிய படங்களை டிரோன் பறக்கும்போதே எடுத்தாக வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த வேலையைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு கடம்பத்தூர் வட்டாரத்தைத் தேர்ந்துகொள்ளக் காரணம் இருக்கிறது. அது இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் மின்சாரத்தைத் தயாரிக்கும் இடமாகவும் கடத்தும் இடமாகவும் செலவிடும் இடமாகவும் இருக்கிறது. கிழக்கே கடலோரத்தில் 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம், அதையொட்டி வடசென்னை அனல்மின் நிலையம். வடசென்னையின் மூன்றாம் கட்டமான 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. நெல்லூர்ப் பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் அலமாதிக்கும் 400 கிலோவோல்ட் பாதைகள் இறங்குகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் என்று எல்லாவற்றுக்கும் 230, 110 கிலோவோல்ட் பாதைகள் கிளை பிரிகின்றன. கடம்பத்தூர் வழியாக ஓடும் ரயில் பாதை, 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பாதையின் ஒரு பகுதி. இன்று அதன் மேலேயும் 25 கிலோவோல்ட் கம்பி ஓடுகிறது.

இந்த மண் வேகமாக மாறியும் வருகிறது. மப்பேட்டில் பல்முனை சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. நெல் விளைந்த இடத்தில் கிடங்கும் மனைப்பிரிவும் எழுகின்றன. மனை போடுகிறவர் முதலில் செய்வது லாரி லாரியாகக் கிராவல் கொட்டித் தரையை உயர்த்துவது. மேலே மின்பாதை போகும் இடத்தில் தரையை மூன்றடி உயர்த்தினால் கம்பியை மூன்றடி இறக்கியதற்குச் சமம். கம்பியை யாரும் தொடவில்லை, கோபுரம் அசையவில்லை, ஆனாலும் பாதுகாப்பு இடைவெளி குறைந்துவிட்டது. ரோந்து போகும் லைன்மேனின் கண்ணுக்கு மேலே இருக்கும் குறை தெரியும், கீழே உயர்ந்த மண் தெரிவது கடினம். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழித்தால் இது உடனே வெளிச்சத்துக்கு வரும். இந்த ஒரு பயனுக்காகவே செலவு தகும்.

புயல் இன்னொரு காரணம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் அடித்தபோது புறநகர்ப் பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. புயலுக்குப் பின் எடுக்கும் படம் எது விழுந்தது என்று சொல்லும். விழாமல் நிற்கிற கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்ல புயலுக்கு முன்பே எடுத்த மாதிரி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அனுமதியும் எச்சரிக்கையும்

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இந்த உச்சவரம்பு 200 அடியாகக் குறையும். டிரோனுக்குத் தனி அடையாள எண்ணும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். தொழில் முறையில் இந்த வேலையைச் செய்பவரிடம் டிரோன் விமானிச் சான்றிதழ் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான பயிற்சியைத் தேடுபவர் 2022-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு ஆளில்லா வான்கலங்கள் கழகத்தை அணுகலாம்.

கடம்பத்தூர் எந்த மண்டலம் என்று ஊகிக்கக் கூடாது. மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம், தென்கிழக்கே மீனம்பாக்கம், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, கிழக்கே எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் அவ்வப்போது மாறும் என்பதால் பறக்கும் நாள் காலையிலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. வான்வெளி பச்சையாக இருந்தாலும் மின்பாதையின் உரிமையாளரிடம் எழுத்து அனுமதி கட்டாயம் பெற வேண்டும். அது பவர்கிரிட்டாகவோ தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகமாகவோ இருக்கும், தெருக்கம்பம் என்றால் மின் பகிர்மானக் கழகம். ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ரயில்வேயிடமும் சொல்ல வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதமும் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தையும் பாதி சிக்கலைத் தவிர்க்கும்.

எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய முடிகிற வேலை இது. அதில்தான் இதன் அருமையும் ஆபத்தும். பெரும்பாலான டிரோன்களின் தடை உணரும் கண்கள் மெல்லிய கம்பியைப் பார்ப்பதில்லை. உயர் அழுத்தக் கம்பிக்கு அருகே திசைகாட்டி தடுமாறும். எனவே கம்பியிலிருந்து 15 மீட்டருக்குள் போவதில்லை, கம்பிகளுக்குக் கீழேயோ நடுவேயோ நுழைவதில்லை என்ற இரண்டையும் குழு முழுவதும் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். பலரும் மறக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. தொடர்பு அறுந்தால் டிரோன் தானாக வீடு திரும்பும் உயரம் அது. 30 மீட்டர் என்று விட்டிருந்தால் 45 மீட்டர் கோபுரப் பாதையின் மறுபுறம் நிற்கும் டிரோன் நேராகக் கம்பிக்குள் வந்துவிடும். பாதையில் மிக உயரமான கோபுரத்தைவிட 20 மீட்டராவது கூடுதலாக வைத்துவிட்டுத்தான் இறக்கையைச் சுழலவிட வேண்டும்.

ஒரு பிக்சலுக்குள் எத்தனை மில்லிமீட்டர்

பறக்கும் உயரத்தைக் கம்பியின் தடிமனிலிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டும். 110 கிலோவோல்ட் பாதைகளில் பரவலாக உள்ள பேந்தர் வகைக் கம்பியின் விட்டம் 21 மில்லிமீட்டர். 230 கிலோவோல்ட்டுக்கான ஜீப்ரா சுமார் 28.6, 400 கிலோவோல்ட்டுக்கான மூஸ் சுமார் 31.8 மில்லிமீட்டர். நில அளவைக்குப் பழக்கமான ஒரு அங்குல சென்சார் உள்ள 20 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். குவியத்தூரம் 8.8 மில்லிமீட்டர், ஒரு பிக்சலின் அகலம் 2.41 மைக்ரான். தூரத்தை 2.41 மைக்ரானால் பெருக்கி 8.8 மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று தெரியும். 100 மீட்டர் தூரத்தில் 27 மில்லிமீட்டர், அதாவது பேந்தர் கம்பி ஒரு பிக்சலுக்கும் குறைவு. 25 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் என்பதால் கம்பிக்கு மூன்று பிக்சல் கிடைக்கும். மூன்று பிக்சலுக்குக் குறைந்தால் மென்பொருளும் தடுமாறும், கையால் குறிப்பவரின் கண்ணும் தடுமாறும். ஆகவே கம்பியைக் குறிவைக்கும் படங்கள் ஏறக்குறைய 25 மீட்டர் தூரத்தில் எடுக்கப்பட வேண்டும்.

அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் ஓவர்லாப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. பறக்கும் செயலியில் 80 சதவீதம் என்று கொடுத்தால் அது தரை மட்டத்துக்கான கணக்கு. டிரோன் 65 மீட்டரில் பறக்கிறது, கோபுரம் 28 மீட்டர் என்று வைப்போம். மேற்சொன்ன கேமரா பறக்கும் திசையில் தரையில் 65 மீட்டர் நீளத்தைப் பிடிக்கும், படத்துக்குப் படம் 13 மீட்டர் நகரும். கோபுர உச்சியோ கேமராவிலிருந்து 37 மீட்டரில் இருக்கிறது. அங்கே படம் பிடிக்கும் நீளமும் 37 மீட்டர்தான். ஓவர்லாப் 65 சதவீதமாக விழுந்துவிட்டது. கோபுரத் தலை மூளியாக வருவதற்கு இது பெரிய காரணம். கணக்கை உச்சிக்குப் போட்டு, படங்களை 8 மீட்டருக்கு ஒன்றாக நெருக்க வேண்டும்.

வேகம் நொடிக்கு 5 மீட்டர், ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் படம் பதியும் நேரத்தில் கேமரா 5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அது ஒரு பிக்சலுக்குள் அடங்கும். வெளிச்சம் குறைந்து ஷட்டர் ஐந்நூறில் ஒன்றானால் வேகத்தையும் பாதியாக்க வேண்டும். ஃபோகஸையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுவது நல்லது. ரோலிங் ஷட்டர் கேமரா நகர்ந்துகொண்டே எடுக்கும்போது நேர்க்கோட்டைச் சாய்த்துவிடும், கோபுர வேலைக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான் ஏற்றது.

கம்பியோடு போகாமல் கம்பியை விட்டு விலகி

இந்த அத்தியாயத்தில் நிறுத்திப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

மின்பாதையைப் படமெடுக்கச் சொன்னால் எவரும் செய்வது பாதைக்கு நேர் மேலே அதன் போக்கிலேயே பறப்பது. தரைக்கு அது சரி, கம்பிக்குச் சரியில்லை. பொதட்டூர்பேட்டையில் ஓடும் தறியில் ஒரு நூல் தன் நீளத்திலேயே நகரும்போது அது நகர்கிறதா நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கம்பியின் போக்கிலேயே கேமரா நகரும்போது மென்பொருளுக்கு நேர்வதும் அதுதான். முதல் படத்தில் கம்பியின் ஒரு புள்ளி இரண்டாம் படத்தில் எங்கே போனது என்று அது தேடுகிறது. தேட வேண்டிய கோடும் கம்பியும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலவே பொருந்துகின்றன. எந்தத் தூரத்தைச் சொன்னாலும் சரியாகத்தான் படும். அந்த நிலையில் மென்பொருள் புள்ளியைக் கைவிடும் அல்லது தவறான உயரத்தில் வைக்கும். இரண்டாவதுதான் மோசமானது.

கேமரா கம்பிக்குக் குறுக்காக விலகும்போது கதை மாறுகிறது. இடப்பக்கமிருந்து ஒரு படம், வலப்பக்கமிருந்து ஒரு படம் எடுத்தால், அல்லது ஒரே பக்கத்தில் ஒரு படத்தைக் கம்பி மட்டத்திலும் இன்னொன்றை 12 மீட்டர் மேலேயும் எடுத்தால், கம்பி பின்னணியைவிட்டுத் தெளிவாக நகர்கிறது. அந்த நகர்வுதான் தூரத்தைத் தருகிறது. எனவே ஒரு கிலோமீட்டர் பாதைக்கு மேலிருந்து நேர்கீழாக ஒரு ஓட்டம், இரு பக்கமும் 25 மீட்டர் விலகி கேமராவைச் சாய்த்து ஒவ்வொரு ஓட்டம், அந்தப் பக்க ஓட்டங்களில் ஒன்றை உயரம் மாற்றி மீண்டும் ஒரு முறை என்று குறைந்தது நான்கு ஓட்டங்கள் வேண்டும். இவை தவிர ஒவ்வொரு கோபுரத்தையும் மூன்று உயரங்களில் சுற்றி வர வேண்டும், ஒரு சுற்றுக்கு 24 படம். நான்கு கோபுரங்கள் என்றால் அதற்கு 288 படங்களும் ஓட்டங்களுக்கு ஏறக்குறைய 500 படங்களும் சேர்ந்து 800-ஐ நெருங்கும். நேர்கீழான ஓட்டம் ஒன்றோடு நிறுத்திவிட்டு வருபவர் திரும்பவும் களத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

சாய்வுப் படங்கள் இன்னொரு நோயையும் தீர்க்கின்றன. நீண்ட பாதையை நேர்கீழ்ப் படங்களால் மட்டும் கட்டினால் மாதிரி நடுவில் மெல்லக் குழியும் அல்லது மேடாகும். கேமரா லென்ஸின் சிறு பிழை பாதை முழுக்கக் கூடிக்கொண்டே போவதால் வருவது இது. சாய்வுப் படங்களும் தரையில் இடம் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் சேர்ந்தால்தான் மாதிரி நிமிரும்.

நேரமும் காலமும் முக்கியம். இந்த வட்டாரத்தில் பகல் ஏற ஏறக் கடற்காற்று உள்நாட்டை நோக்கி நகரும், கம்பி ஆடத் தொடங்கும். ஆடும் கம்பியைப் படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில்தான் பார்க்க முடியும். காலை வெயில் நிமிர்ந்ததும் பறந்து காற்று எழுவதற்குள் முடிப்பது உத்தமம். தண்ணீர் நிற்கும் வயலும் நிறைந்த ஏரியும் வானத்தைப் பிரதிபலித்து மென்பொருளைக் குழப்பும். சம்பா அறுவடை முடிந்து தாள் நிற்கும் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்கள் அடிப்படை மாதிரிக்குச் சிறந்த பருவம்.

உயரம் மைனஸில் வரும்போது

1802-இல் வில்லியம் லாம்ப்டன் தன் மாபெரும் முக்கோண அளவையின் அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி பிடித்து அளந்தார். இன்று அந்த வேலையின் வாரிசான இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் தொடர்ந்து இயங்கும் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) நிலையங்களை நிறுவியிருக்கிறது. அவற்றின் திருத்தத் தரவை வைத்து பறக்கும்போதே திருத்தும் ஆர்டிகே முறையிலோ பிறகு திருத்தும் பிபிகே முறையிலோ டிரோனின் நிலைகளைச் சென்டிமீட்டர் துல்லியத்துக்குக் கொண்டுவரலாம்.

அப்படிக் கொண்டுவந்த முதல் நாளே புதியவரைத் திகைக்க வைப்பது உயரம். கடம்பத்தூரில் வரப்பின் மேல் கருவியை வைத்தால் உயரம் மைனஸில் காட்டும். கருவி பழுதாகவில்லை. செயற்கைக்கோள் கருவி பூமியின் கணித வடிவத்திலிருந்து உயரத்தை அளக்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிய உண்மையான பரப்பு இந்தப் பகுதியில் அந்த வடிவத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 100 மீட்டரைத் தாண்டுகிறது, அந்தப் பரப்பில் உலகிலேயே மிக ஆழமான பள்ளம் அங்கேதான். கம்பிக்கும் தரைக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரே மாதிரியிலிருந்து எடுக்கும் வரை இதனால் கேடில்லை. பழைய பாதை வரைபடங்களோடு அல்லது வேறு குழுவின் அளவையோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உயர அடிப்படையில் இருக்கின்றனவா என்று பார்க்காவிட்டால் கணக்கு முழுதும் கவிழும். கிடை அளவுக்கு இந்த மாவட்டம் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது.

ஆர்டிகே இருந்தாலும் தரைப்புள்ளிகளை விடக் கூடாது. இரண்டடிச் சதுர ஃப்ளெக்ஸில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தால் போதும். பாதையின் இரு முனையிலும் இரண்டிரண்டு, நடுவே 300 மீட்டருக்கு ஒன்றாக இடவலம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இவற்றில் இரண்டு மூன்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, மாதிரி முடிந்ததும் அவற்றின் உண்மை இடத்தோடு ஒப்பிட வேண்டும். மென்பொருள் தன் அறிக்கையில் எழுதிக்கொள்ளும் பிழையை நம்பி வேலையை ஒப்படைப்பது தவறு.

மென்பொருளோடு

800 படங்களுக்கு 64 ஜிபி நினைவகம் உள்ள கணினி இருந்தால் நிம்மதி. மெட்டாஷேப், பிக்ஸ்4டி போன்றவை காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள். ஓபன்டிரோன்மேப் இலவசம், திறந்த மூலம். சிறிய நிறுவனமும் பொறியியல் கல்லூரியும் அதில் தொடங்கலாம். அதன் இயல்பான அமைப்புகள் நிலத்துக்கானவை, கம்பிக்கானவை அல்ல. தனித்து நிற்கும் புள்ளிகளைக் குப்பை என்று நீக்கும் வடிகட்டி அதில் உண்டு, கம்பியின் புள்ளிகள் அதில்தான் முதலில் பலியாகும். அந்த வடிகட்டியைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டி, குப்பையைப் பிறகு கிளவுட்கம்பேர் போன்ற கருவியில் கையால் அகற்ற வேண்டும். சாய்வுப் படங்களில் வானம் பின்னணியாக இருந்தால் கோபுரத்தைச் சுற்றி வெண்ணிறப் பிசிறு படியும். வானத்தை மறைக்கும் வசதியை இயக்கினால் பெருமளவு குறையும்.

முக்கோண வலையாகப் போர்த்திய மாதிரி பார்க்க அழகு. அளவெடுக்க அதைத் தொடக் கூடாது. வலை போர்த்தும்போது மென்பொருள் கோபுரத்தின் ஆங்கிள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைத் தோல்போல மூடும், கம்பியைத் துண்டிக்கும் அல்லது தடித்த குழாயாக்கும். அளவு எல்லாம் புள்ளித்திரளிலிருந்தும் மூலப் படங்களிலிருந்தும் வர வேண்டும். 2023-இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் முறை கம்பியைக் கண்ணுக்கு மிக நிஜமாகக் காட்டுகிறது. கூட்டத்தில் காட்ட, ஊழியருக்கு இடத்தை விளக்க அது நல்ல கருவி. இடைவெளியைச் சட்டப்படி அறிக்கையில் எழுத அதை நம்பக் கூடாது.

கம்பியைக் கணக்கிலிருந்து எடுப்பது

இனி கம்பி. புள்ளித்திரளில் அது பாதியாவது வந்திருந்தால் அந்தப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் மூலப் படங்களில் கையால் குறிக்க வேண்டும். வெறும் கம்பியில் ஒரே புள்ளியை இரண்டு படங்களில் அடையாளம் காண முடியாது, ஆனால் கம்பியில் அடையாளங்கள் உண்டு. இன்சுலேட்டரின் நுனிக் கிளாம்ப், அதிர்வைத் தணிக்கும் டேம்பர், இரட்டைக் கம்பிகளை விலக்கி வைக்கும் ஸ்பேசர், ஒட்டு போட்ட இடம் ஆகியவை எல்லாம் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டு ஓட்டங்களில் எடுத்த மூன்று நான்கு படங்களில் இவற்றைக் குறித்தால் முப்பரிமாண இடம் கிடைத்துவிடும்.

தொங்கும் கம்பி தன்னிச்சையாக வளைவதில்லை. அதன் வடிவம் கேட்டனரி என்ற வளைவு. 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹன் பெர்னூலி மூவரும் அதன் சமன்பாட்டைக் கண்டனர். ஆகவே இரு முனையும் இடையில் சில புள்ளிகளும் தெரிந்தால் முழுக் கம்பியையும் வரைந்துவிடலாம். ஐந்தாறு நல்ல புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்க முறையில் வளைவைப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் வளைவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். விலகல் 10, 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஏற்கலாம். ஒரு புள்ளி மட்டும் அரை மீட்டர் தள்ளி நின்றால் அது பக்கத்துக் கம்பியின் புள்ளியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இரட்டைச் சுற்றுப் பாதையில் ஆறு கம்பிகளும் உச்சியில் எர்த் கம்பியும் ஓடுவதால் இந்தக் குழப்பம் சகஜம்.

அடுத்து வருவதை விட்டுவிட்டால் இதுவரை செய்த எல்லாம் வீண். கம்பியின் உயரம் நிலையானதல்ல. வெயிலிலும் மின்சுமையிலும் அது சூடேறி நீள்கிறது, தொய்வு கூடுகிறது. பேந்தர் கம்பியின் எடை மீட்டருக்குச் சுமார் 0.974 கிலோ. 300 மீட்டர் இடைவெளியில் இழுவிசை 2,000 கிலோ என்றால் எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுத்தால் தொய்வு ஏறக்குறைய 5.5 மீட்டர். சூட்டில் இழுவிசை 1,600 கிலோவாகத் தளர்ந்தால் தொய்வு 6.85 மீட்டர். கம்பி ஏறக்குறைய 1.4 மீட்டர் இறங்கிவிட்டது, யாரும் எதையும் செய்யாமலே. ஜனவரிக் காலையில் 6.8 மீட்டரில் பாதுகாப்பாகத் தெரிந்த அதே கம்பி கத்திரி வெயிலின் மாலைச் சுமையில் விதிக்குக் கீழே போய்விடும்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் நீண்டகாலமாக உள்ள சூத்திரம் எளியது. 33 கிலோவோல்ட் வரை 5.2 மீட்டரை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 33 கிலோவோல்ட்டுக்கும் அதன் பகுதிக்கும் 0.3 மீட்டர் கூட்ட வேண்டும். 110 கிலோவோல்ட்டுக்கு 6.1, 230-க்கு 7.0, 400-க்கு 8.8 மீட்டர் என்று வரும். இவை கம்பி அதிகபட்சமாகத் தொய்யும் நிலைக்கான அளவுகள், படமெடுத்த நேரத்துக்கானவை அல்ல. ஆதலால் ஒவ்வொரு மாதிரியோடும் படமெடுத்த தேதி, நேரம், காற்றின் வெப்பம், காற்றின் வேகம், அந்த நேரத்தில் பாதையில் ஓடிய மின்சுமை ஆகியவை பதிவாக வேண்டும். மின்சுமை துணை மின் நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும், கேட்டால் கிடைக்கும். இவற்றைக் கொண்டு கம்பியின் வெப்பநிலையை மதிப்பிட்டு, வடிவமைப்பின் உச்ச வெப்பத்துக்கு வளைவைக் கொண்டுசென்று, அதன் பிறகே தரையோடும் மரத்தோடும் இடைவெளியை எடுக்க வேண்டும். பறப்புக் குறிப்பேட்டில் வெப்பநிலை இல்லாத மாதிரியை வாங்கும் பொறியாளர் திருப்பி அனுப்புவதே நியாயம்.

மரத்துக்கும் தனி அளவு உண்டு. வனத்துறை வழிகாட்டுதல்களில் 110 கிலோவோல்ட்டுக்கு 3.7, 220-க்கு 4.6, 400-க்கு 5.5 மீட்டர் என்று இருக்கிறது. காற்றில் கம்பி பக்கவாட்டில் ஊசலாடும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனையும் தைல மரமும் நிறைந்த இந்தப் பகுதியில் பாதைக்கு நேர்கீழே உள்ள மரத்தை எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். ஓரத்தில் நின்று சாய்ந்தால் கம்பியைத் தொடும் மரம்தான் கணக்கில் விடுபடுகிறது. மாதிரியில் ஒவ்வொரு மரத்தின் உயரத்தையும் அடியிலிருந்து கம்பிக்கு உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் அத்தகைய மரங்களின் பட்டியல் சில நிமிடங்களில் வந்துவிடும்.

கோபுரத்தின் நுணுக்கம்

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு கோபுரத்தில் இன்சுலேட்டரைத் தாங்கிய கொக்கி அறுந்து விழுந்தது. 1921-இல் கட்டிய பாதை அது. அங்கே பிடித்த தீ பாரடைஸ் என்ற ஊரையே எரித்தது, 85 பேர் மாண்டனர். பிஜி அண்ட் இ நிறுவனம் 2020-இல் நீதிமன்றத்தில் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்கு எட்டாத தேய்மானம் அது. கோபுரங்களை டிரோனால் அருகிருந்து படமெடுக்கும் வேலை உலகெங்கும் வேகம் பிடிக்க அந்தத் தீயும் ஒரு காரணம்.

எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையிலான கடலோரத்தில் உப்புக் காற்றும் சாம்பலும் இன்சுலேட்டர் மேல் படிகின்றன. கொக்கியும் போல்ட்டும் துருப்பிடிக்கின்றன. இவற்றை மாதிரியின் மேற்பரப்பில் தேடக் கூடாது. மாதிரியில் தெரியும் நிறம் பல படங்களைக் கலந்து பூசியது, சின்ன விரிசல் அந்தக் கலவையில் மறைந்துவிடும். மூலப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மாதிரி செய்யும் உதவி வேறு: கோபுர எண், எந்தக் கை, எந்த இன்சுலேட்டர் என்று ஒவ்வொரு படத்தையும் அதன் இடத்தோடு கட்டி வைக்கிறது. லைன்மேன் மேலே ஏறும்போது எந்தப் போல்ட்டை மாற்றப் போகிறார் என்று காட்டும் படம் கையிலேயே இருக்கும். கோபுரச் சாய்வை அளக்க நான்கு கால்களின் அடியையும் உச்சியையும் புள்ளித்திரளில் குறித்து மையக்கோட்டை எடுத்தால் போதும்.

ஒப்படைக்கும் கோப்புகளில் லாஸ் வடிவப் புள்ளித்திரள், கம்பி வளைவுகளின் தனிக் கோப்பு, தரைப்புள்ளிகளின் பிழை அட்டவணை, வெப்பமும் சுமையும் எழுதிய பறப்புக் குறிப்பு, மூலப் படங்கள் ஐந்தும் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களின்படி கிடையாக ஒரு மீட்டரையும் செங்குத்தாக மூன்று மீட்டரையும்விட நுண்ணிய துல்லியமுள்ள தரவை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும். மின்பாதை மாதிரி அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டும், எனவே வெளிநாட்டுச் சேவையகத்தில் படங்களை ஏற்றிச் செயலாக்கும் சேவைகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பொங்கலுக்குப் பின் எடுத்த அடிப்படை மாதிரி கையில் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் பக்கவாட்டு ஓட்டங்களை மட்டும் மீண்டும் பறந்து கம்பியை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செப்டம்பரில் மரங்களுக்காகவும் புதிதாகக் கொட்டிய மண்ணுக்காகவும் முழுப் பாதையை இன்னொரு முறை எடுக்க வேண்டும்.